நாலு புள்ளி ஏழும் கடைசி மீன் முட்டையும்

வாழ்க செபாஸ்டியன்! பினாங்குத் தீவின் ரப்பர்ப்பால் சோதனைச்சாலையில், பிரம்பு நாற்காலியே அரியணையாக, பென்சிலே வேலாக வீற்றிருந்த எழுத்தர்குலத் திலகன், பசித்த வயிற்றினும் பிழையற்ற விடையே பெரிதெனக் கொண்ட பேராண்மையன், 1934ஆம் ஆண்டின் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் நிகழ்த்திய போர் இது; கேட்போர் நிமிர்ந்து உட்காருக!

வெள்ளிக்கிழமை என்பதை மறவாதீர். வேதக்காரராகிய கத்தோலிக்கர் குடியில் பிறந்த நம் வீரன் அன்று இறைச்சி தொடான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையோரம் நாசி கண்டார் என்னும் குழம்புச் சோறு விற்கும் சீனி முகம்மதின் சட்டிகளில் அவனுக்கு உரியது மீன் முட்டை ஒன்றே. அதுவும் ஜும்மா தொழுகைக்கு முன்பே தீர்ந்துவிடும். துரையின் கட்டளையோ கடுமையானது: வந்திருக்கும் ரப்பர்ப்பாலின் பி.எச். 4.7, அதன் ஹைட்ரஜன் அயனிச் செறிவை எழுத்தர் இருவரும் தனித்தனியே கணித்து, தாளைப் பெட்டியில் இட்ட பின்னரே சாப்பிடப் போகலாம்.

மற்றோர் எழுத்தன் ஹென்றி. அதே மாதா கோயில், அதே வெள்ளிக்கிழமை, அதே பசி. இருவரும் லாகரிதம் புத்தகங்களை உறையினின்று வாளென உருவினர். புள்ளி ஏழைத் தேடிப் பாய்ந்து, 5.012 என்னும் எண்ணைச் சிறைபிடித்து, பத்தின் மைனஸ் நான்காம் அடுக்கோடு பிணைத்தனர்.

"முடிஞ்சது லா! நான் கெளம்புறேன்!" என முழங்கிய ஹென்றி, தாளைப் பெட்டியில் எறிந்து படியிறங்கினான்.

செபாஸ்டியனும் எழுந்தான். எழுந்தவன் நின்றான். பி.எச். ஏற ஏறச் செறிவு இறங்கவேண்டுமே! பி.எச். நாலுக்கே அந்த மைனஸ் நான்காம் அடுக்கில் ஒன்றுதான் எனில், நாலைத் தாண்டியதற்கு ஐந்து எப்படி வரும்?

"போங்கண்ணே, முட்டை தீந்துடும்!" என்றாள் தட்டச்சு ரோசலின்.

"தப்புக் கணக்குப் போட்டுட்டு முட்டை திங்கமாட்டேன், ரோசலின்!"

மீண்டும் அமர்ந்தான் மாவீரன். மின்விசிறி மும்முறை பக்கங்களைப் புரட்டிப் பகைத்தது. முழங்கையால் பக்கங்களை அடக்கினான். மைனஸ் நாலு புள்ளி ஏழை மைனஸ் ஐந்தும் கூட்டல் புள்ளி மூன்றுமாகப் பிளந்தான். புள்ளி மூன்றின் கோட்டை வாயில் திறந்தது, உள்ளே 1.995 நின்றது! பத்தின் மைனஸ் ஐந்தாம் அடுக்கை அதற்குத் துணையாக்கித் தாளில் பொறித்தபோது அவன் நெஞ்சு பூரித்தது. அந்தப் பூரிப்பை யாரும் பார்க்கவில்லையே என்று வருத்தமாகவும் இருந்தது.

தாளைப் பெட்டியில் இட்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாவி, ரிக்‌ஷாக்களையும் மாட்டு வண்டிகளையும் ஊடுருவி, வியர்வை வெள்ளத்தில் நீந்தி, வாகை சூடிய வேந்தனாய்ச் சீனி முகம்மதின் சட்டிகள்முன் சென்று நின்றான்.

கடைசி மீன் முட்டையை ஹென்றி தின்றுகொண்டிருந்ததால், செபாஸ்டியன் வெண்டைக்காய் வைத்துச் சோறு சாப்பிட்டான்.