காய்ச்சலை ஒழித்தவர்

டாக்டர் மந்திரி என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுவரொட்டியில் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு சிரிக்கும். நேரில் அதே கழுத்தில் மாலையோடு சிரிக்கும்.

பிறக்கும்போதே இது மந்திரியாகப் பிறப்பதில்லை. படியேறி முடிப்பதற்குள் நோயாளிக்கு இன்னொரு நோய் வந்துவிடக்கூடிய ஒரு மாடி கிளினிக்கில்தான் தொடங்குகிறது. அங்கே, "எங்க வலிக்குது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். பிறகு டாக்டர்கள் சங்கத்துக்குத் தலைவராகி, ரத்ததான முகாம்களில் ரிப்பன் வெட்டி, கட்சித் தலைவரின் மூலநோயை ஊருக்குத் தெரியாமல் கவனித்து, அந்த நன்றிக்குத் தேர்தலில் இடம் கிடைத்து, ஜெயித்து, சுகாதார அமைச்சராகிவிடும். அதோடு கேள்வி கேட்பது நின்றுபோகும். அப்புறம் பதில்தான். யார் கேட்டார்கள் என்கிறீர்களா? யாரும் கேட்க வேண்டியதில்லை.

நம் டாக்டர் மந்திரி ஒரு மழைக்காலத்தில் சட்டசபையில் எழுந்து, கொசுக் காய்ச்சலை நாட்டைவிட்டே ஒழித்துவிட்டதாக அறிவித்தார். மேசைகள் அதிரத் தட்டினார்கள். கொசுக்களுக்கு மட்டும் தகவல் போய்ச் சேரவில்லை. அடுத்த வாரமே அவர் மனைவி படுத்துவிட்டாள்.

கண்ணுக்குப் பின்னால் குத்தியது. மூட்டுக்கு மூட்டு யாரோ திருகுவதுபோல் இருந்தது. இத்தனை வருஷம் டாக்டர் பெண்டாட்டியாக இருந்தவளுக்கு இது என்னவென்று தெரியாதா?

"என்னங்க, காய்ச்சல் விடவே இல்ல."

"காய்ச்சல்னு சொல்லாத. உடம்பு கொஞ்சம் சூடா இருக்கு. அலைச்சல்."

"நான் எங்க அலைஞ்சேன்? படுக்கைக்கும் பாத்ரூமுக்குமா?"

வாசலில் நின்ற உதவியாளர் கனைத்தார். "ஐயா, சபை முடியறதுக்குள்ள பிளட் டெஸ்ட் எடுத்தா வெளிய தெரிஞ்சிடும். எதிர்க்கட்சிக்காரங்க சும்மா விடமாட்டாங்க."

"யோவ், எனக்குத் தெரியாதா?" என்றபடி அமைச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"நாடி பாக்குறீங்களா, ஓட்டு எண்ணுறீங்களா?"

கையை விட்டுவிட்டார். அடிக்கல் நாட்டப் போக வேண்டியிருந்தது.

மறுநாள் பல் துலக்கியபோது ஈறிலிருந்து ரத்தம் வந்தது. வாஷ்பேசினில் சிவப்பைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இனி இவர் சபை எப்போது முடியும் என்று காத்திருந்தால் தன் கதை முடிந்துவிடும். பழைய புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, ஆட்டோ பிடித்து, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பணியிலிருந்த இளம் டாக்டர், தூக்கம் இல்லாத கண்களோடு நிமிர்ந்தாள்.

"என்ன பண்ணுதும்மா?"

"காய்ச்சல். ஈறுல ரத்தம் வருது."

"ஐயோ, மெதுவா. அந்தப் பேர்ல இப்ப யாரையும் சேர்க்கக் கூடாதுன்னு மேல இருந்து உத்தரவு. களைப்புன்னு போட்டுக்கறேன். வெளிய பெஞ்சில உக்காருங்க."

"களைப்புக்கு ரத்தம் வருமா டாக்டர்?"

"வராதும்மா. எனக்கும் வேலை போகக் கூடாதில்ல?"

"நீங்க காய்ச்சல்னே எழுதிப் படுக்க வைங்க. மந்திரிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அவர உங்களுக்குத் தெரியுமா?"

"ராத்திரி குறட்டை விடுறது வரைக்கும்."

டாக்டர் எழுதினாள். உடனே படுக்கை வந்தது, சலைன் ஏறியது. அதோடு நிற்கவில்லை. மந்திரி வீட்டம்மாவுக்கே காய்ச்சல் வரலாம் என்றானபின், வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கும், வெளியே பெஞ்சுகளில் களைத்துக் கிடந்தவர்களுக்கும் அன்று மதியத்துக்குள் காய்ச்சல் அனுமதிக்கப்பட்டது.

சாயங்காலம் அமைச்சர் கேமராக்களோடு ஓடிவந்தார். கட்டிலருகே நின்று, "அரசு மருத்துவமனை எப்படி இயங்குதுன்னு என் மனைவியே நேர்ல வந்து திடீர் ஆய்வு நடத்தினாங்க" என்றார். கையில் ஊசியோடு படுத்தபடி ஆய்வு நடத்திய உலகின் முதல் பெண்மணி, கண்ணை மூடிக்கொண்டாள். பிழைத்துவிட்டாள், அந்தத் தெம்பில் சிரிக்கவும் செய்தாள்.

நீங்களும் சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. இப்போது உங்கள் போன் அடிக்கும். வெளியூரிலிருந்து யாரோ விசாரிப்பார்கள். நீங்களும் வழக்கம்போல, "இங்க எல்லாரும் ரொம்ப சௌக்கியம்" என்று கணீரென்று அறிவிப்பீர்கள். அறிவித்த பிறகு, உள்ளறையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த இருமல் ஏன் சட்டென்று நின்றது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.