வேலிக்கு ஒரு வேலி

"லூவான்! இங்க வந்து பாரு! அந்தப் பய என் பாதியில குழி தோண்டிக்கிட்டிருக்கான்!"

கணவர் டெல்மர் போட்ட கூச்சலில் லூவான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பண்ணை எல்லையின் மேற்குப் பாதியில் பக்கத்துப் பண்ணை ஹார்லன் கம்பம் நட்டுக்கொண்டிருந்தான்.

அமெரிக்காவின் அயோவாவில் இது ஊரறிந்த வழக்கம். எல்லையின் நடுவில் இரண்டு பண்ணைக்காரர்களும் நிற்க வேண்டும். அவரவர் வலது கைப் பக்கத்துப் பாதிக்கு அவரவர் வேலி. போன வாரம் ஊர் நிர்வாகத்து வெர்னா முன்னால் நின்றும் ஆயிற்று. தன் பாதி மேற்குதான் என்பதில் டெல்மருக்குச் சந்தேகமே இல்லை.

"வெர்னாக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"கேட்டா, சொந்தப் பாதி எதுன்னே தெரியலைன்னு ஊர் சிரிக்காதா? எனக்கு வேலி போடத் தெரியாதுன்னு காட்டுறான். திமிரு!"

ஹார்லனிடமே கேட்கலாம்தான். ஆனால் அவனோடு பேச்சை நிறுத்தி வருடக்கணக்காகிவிட்டது.

ஹார்லனின் வேலிக்கு இரண்டடி தள்ளி டெல்மர் தன் வேலியைத் தொடங்கினார். அவன் ஐந்து வரிசைக் கம்பி கட்டினால் இவர் ஆறு. மறுநாள் அவன் ஏழு. இவர் எட்டு! மாடே வந்து மோதினாலும் கொஞ்சம் வளைந்து கொடுத்துவிட்டு மறுபடி நிமிர்கிற எஃகுக் கம்பி. "அளவா இறுக்குங்க" என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். அளவாக இறுக்குவதற்கு ஹார்லன் என்ன மாமனா, மச்சானா? டெல்மர் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். மூலைக் கம்பம் சொத்தைப் பல் மாதிரி மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

விடுவாரா? இன்னும் தடியான கம்பத்தை நட்டு, கான்கிரீட் ஊற்றி, அது காய்வதற்குள் மறுபடி முறுக்கினார். இந்தக் கம்பம் ஹார்லனின் வேலிமேல் சாய்ந்து, எட்டு வரிசையும் ஏழு வரிசையும் சிக்கிக்கொண்டன.

ஹார்லன் தன் நாயைப் பார்த்துச் சொன்னான்: "பாத்தியாடா, சில பேருக்கு வேலி போடவும் தெரியாது, சும்மா கிடக்கவும் தெரியாது."

டெல்மர் தன் டிராக்டரிடம் பதில் சொன்னார்: "கிழக்குப் பாதி திறந்து கிடக்கு. அதைப் போட வக்கில்ல, பேச்சைப் பாரு!"

அந்தத் திறந்த பாதி வழியாகத்தான் சனிக்கிழமை காலையில் ஹார்லனின் ராட்சத வெள்ளைக் காளை உள்ளே வந்தது. நேராக டெல்மரின் கிடேரிகளிடம் போனது. தலை ஈற்றில் கன்று சின்னதாகப் பிறக்கும்படி சிறிய காளையாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று டெல்மர் பொத்திப் பொத்தி வைத்திருந்த கிடேரிகள்.

லூவான் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். "ஐயோ, விரட்டுங்க! கன்னு பெருசா இருந்தா கிடேரிங்க ஈத்துல செத்துருமேங்க!"

"விரட்டாதடி! அது சாட்சி!" டெல்மருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எவன் பாதி வழியா மாடு வருதோ, அவன்தான் எல்லாத்துக்கும் பொறுப்பு. வெர்னாக்கா வந்து கண்ணால பாக்கட்டும்."

வெர்னா வருவதற்குள் மதியமாகிவிட்டது. அதுவரை காளை ஒரு கிடேரியையும் விட்டுவைக்கவில்லை. லூவான் அழுதுகொண்டிருந்தாள். டெல்மர் சிரித்த முகமாய்க் கிழக்கைக் காட்டினார்.

"பாத்துக்கோங்கக்கா. அவன் பாதி, அவன் மாடு. இப்பவே எழுதிக்கோங்க!"

வெர்னா மேற்கே சிக்கிக் கிடந்த இரண்டு வேலிகளையும் பார்த்தாள். கிழக்கே பார்த்தாள். பிறகு டெல்மரிடம் வந்தாள்.

"ஏன் தம்பி, வலது பக்கம்ங்கிறது எதிரும் புதிருமா நின்னு பாக்குறது. அப்படிப் பாத்தா கிழக்குதான் உன் பாதி. அன்னைக்கு ஹார்லன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு நீ முதுகைக் காட்டிக்கிட்டு நின்னியே, வலது கையும் உன்கூடவே திரும்பிருச்சுய்யா!"