ஆடு படுத்தால்தான் அஸ்திவாரம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஆட்டுக் கொத்தனாரைப் போல ஒரு சந்தேகப் பிராணி சிக்கமாட்டார். டீ வாங்கினால் முதல் மடக்கைக் கடைக்காரரையே குடிக்கச் சொல்வார். பூசாரி கொடுத்த விபூதியைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார்.

எனக்கு வேறு வழியில்லை. என் மனைவிக்கு வீசிங். பஞ்சு மில்லை ஒட்டிய வாடகை வீட்டில் அவள் மூச்சுக்குத் திண்டாடுவதைப் பார்க்கச் சகிக்காமல், தூசி அண்டாத ஒரு வீடு கட்டத் துடித்தேன். இந்தக் கரிசல் காட்டுக் காற்றில் அப்படிக் கட்டத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான் என்றார்கள்.

பரளச்சி ரோட்டில் மனை பார்க்க வந்த மனிதர் மூன்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"இதுக எதுக்கு?" என்றேன்.

"ஈரத்துல ஆடு படுக்காது சார். புழுதி மூஞ்சியில அடிக்கிற எடத்துலயும் படுக்காது. மனுசப்பய பொய் சொல்லுவான், ஆடு சொல்லாது."

புரோக்கர் பல்லைக் காட்டினார். "தண்ணியே நிக்காத மேட்டு நெலம்ணே!"

கொத்தனார் குனிந்து மண்ணைக் கிளறி ஒரு நத்தைக்கூட்டை எடுத்தார். "அப்ப இவுக பஸ்ஸுல வந்து எறங்குனாகளோ?"

அது கண்மாய்க்குத் தண்ணீர் போகும் ஓடையாம். மழை பொய்த்த தைரியத்தில் கல் நட்டு விற்கப் பார்த்திருக்கிறார்கள். அதோடு விட்டாரா? வாரம் ஒரு மனையாக இன்னும் நான்கைக் கழித்தார். நாள் முழுக்க ஆடுகள் மேயும். அவர் கருவேல நிழலில் குந்திக்கொண்டு அதுகளையே முறைப்பார். ஐந்தாவது வாரம் பார்க்கிறேன், மூன்றும் உருண்டு திரண்டு நிற்கின்றன. எனக்குப் பொறி தட்டியது.

"கொத்தனாரே, வீடு கட்டுறீகளா, கெடா வளக்குறீகளா?" என்று கேட்டே விட்டேன்.

"இப்பத்தான் சார் வெவரமாயிருக்கீக! யாரையும் நம்பாதீக. என்னையவும்தான்" என்று முதுகில் தட்டினார்.

ஆறாவது மனையில், ஒரு வேம்புக்குக் கிழக்கே, மூன்றும் சேர்ந்து படுத்து அசைபோட்டன. "படுக்கிற ரூமு இங்க" என்று குச்சியால் கோடு கிழித்தார். மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்து இஞ்சினியர் வாட்சப்பில் அனுப்பிய பிளானைக் காட்டினேன். "இவரு சொந்தத்துல யாரும் நெஞ்சு டாக்டர் இருக்காகளா?" என்றார். வேம்பை வெட்டவிடவில்லை. மேற்கே மாடிப்படியையும் சாமான் அறையையும் நிறுத்தி, ஒரு ஜன்னல்கூட இல்லாமல் அடைத்துவிட்டார். ஜெயில் கட்டுவதாக ஊரே சிரித்தது.

வீடு முடிந்து குடியேறினோம். ஆடி வந்தது. மேற்கேயிருந்து மேல்காற்று காட்டையே அள்ளிக் கொட்டிய ஒரு மத்தியானம், கொத்தனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வாசல் குழாயில் முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தார். என் மனைவி உறங்கிக்கொண்டிருந்தாள். அவள் அறைக் கதவில் காதை வைத்துக் கேட்டார். இழுப்புச் சத்தமே இல்லை. அப்போதும் நம்பாமல், அவள் எழுந்து வரும்வரை கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உண்மையைச் சொல்லு தாயி. நெசமாவே இழுப்பு இல்லையா? நான் சங்கடப்படுவேன்னு மறைக்கலயே?"

"இல்லண்ணே. நல்லாத் தூங்குனேன்."

கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் கட்டிய வீட்டுக்குள் ஏது தூசி? அழுதார் ஐயா, அந்த மனுஷர்.