கடலண்ணன் எடுத்த ஒரே படம்

கேமரன் மலையில் கடல் இல்லை என்று எவனாவது சொன்னால், அவன் எங்கள் கடலண்ணனைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். நிஜப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும். கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. ஆனால் முக்குளிக்கும் கண்ணாடியும், வாத்துக்கால் போன்ற ரப்பர் செருப்பும் சொந்தமாக வைத்திருந்தார். அந்தச் செருப்போடு தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் நடந்து பழகுவார். கோழிகள் சிதறி ஓடும். காலையில் தேயிலைச் சரிவில் மூடுபனி ஏறினால், "பாத்தியா, அலை வந்துருச்சிலா!" என்பார். ஒருமுறை கேமராவைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக்கொண்டு, காய்கறித் தோட்டக் குட்டையில் தவளையைப் படமெடுக்க இறங்கினார். கேமரா போனது. தவளை நலம்.

கோலாலம்பூரில் முக்குளிப்புக் கண்காட்சி, அங்கே கண்ணாடித் தொட்டிக்குள் இறங்கிப் படமெடுக்க நிஜக் கேமராவே இரவல் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரே சிக்கல், ஜோடியாகத்தான் இறக்குவார்களாம்.

"நீதான்டா என் ஜோடி."

"அண்ணே, எனக்கு வாளியில மொண்டு குளிச்சாலே மூச்சு வாங்கும்."

"தண்ணிக்கடியில ஒரே ஒரு படம்டா. நல்லதா ஒண்ணு. அது போதும் எனக்கு."

அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கண்காட்சியில் ஸ்வெட்டர் போட்டிருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. அவர் ஒவ்வொரு கேமராவையும் பிறந்த குழந்தையைத் தொடுவது போலத் தொட்டார். நான் ஒவ்வொரு வாசலையும் ஓடுவதற்கு வசதியா என்று பார்த்தேன்.

முதுகில் சிலிண்டரைக் கட்டி இறக்கினார்கள். நான் கீழே போனேன். என் மூளை மேலேயே தங்கிவிட்டது. கையில் அகப்பட்ட கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். முருகனுக்குக் காவடி, முனியாண்டிக்குச் சேவல் என்று வேண்டிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மனைவியிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடிக்கு வெளியே ஒரு குடும்பம் என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது எங்கள் முறை முடிந்திருந்தது.

"படம் எடுத்தீங்களாண்ணே?"

"ம்," என்றார். அவ்வளவுதான்.

ஈரத்தைத் துடைக்கும்போது பயிற்சியாளர் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. முக்குளித்த அன்றே மலை ஏறக்கூடாதாம். உடம்புக்குள் காற்றுக் குமிழி கிளம்புமாம்.

எங்கள் வீடே மலையில்தானே இருக்கிறது!

பஸ்ஸில் என் கைகாலைத் தடவித் தடவிக் குமிழி தேடிக்கொண்டே வந்தேன். மலையடிவாரத்தில் தாப்பா வந்ததும் குதித்து இறங்கிவிட்டேன். பின்னாலேயே அவரும் பையோடு இறங்கினார். பஸ் போய்விட்டது.

"என்னடா ஆச்சு?"

"ஏற மாட்டேண்ணே. உடம்பு சோடா புட்டி மாதிரி பொங்கிரும்."

விஷயம் புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது கடல்ல ஆழமா போறவனுக்குடா! நாம முங்குனது தொட்டி. பஸ்ஸுலயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா."

"அப்ப நீங்க ஏன் இறங்குனீங்க?"

"ஜோடில்ல? விட்டுட்டுப் போவக் கூடாது."

கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது, கண்காட்சியில் கைப்பேசிக்கு மாற்றித் தந்திருந்த படத்தைக் காட்டினார். குமிழிகளுக்கு நடுவே கோழிமுட்டை மாதிரி இரண்டு கண்கள். என்னுடையவை. எல்லாமே கலங்கலாக இருந்தது.

"ஏண்ணே இப்படி ஆட்டிட்டீங்க?"

"ஒத்தக் கையில எடுத்தேன்டா."

படத்தின் ஓரத்தில் அவருடைய இன்னொரு கை தெரிந்தது. நான் கம்பி என்று நினைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

"அடுத்தது நெசக் கடலு," என்றார். "முங்கிட்டு ஒரு நாள் கீழ தங்கித்தான் ஏறணும்."

"ரெண்டு பேருக்கு ரூம் சொல்லிருங்கண்ணே," என்றேன்.

இப்போதெல்லாம் காலையில் பனி ஏறும்போது, அலை வந்துவிட்டதா என்று பார்க்க முதலில் வாசலுக்கு வருவது நான்தான்.