பெட்டி தள்ளப் போன சம்பந்தி

பிரிக்பீல்ட்ஸ்,
15.6.1992

கிள்ளான் மச்சான் ரெங்கசாமி அவர்களுக்கு, கன்னையா வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே உடம்புக்கு எல்லாரும் சுகம். மனசுக்கு ஒருவரும் சுகமில்லை. அங்கே அக்காவும் பிள்ளைகளும் நலம்தானே?

மச்சான், நீங்கள் பார்த்துக் கொடுத்த பூச்சோங் சம்பந்தம் நேற்று என் வீட்டுக் கூடத்திலேயே கவிழ்ந்துவிட்டது. மாப்பிள்ளை வாசு தங்கமான பையன், குறை சொல்ல மாட்டேன். அவருடைய அப்பா இராமலிங்கம்தான், அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பெரிய மனிதர், கை கழுவி வருகிறேன் என்று எழுந்தவர் திரும்பவே இல்லை. போய்ப் பார்த்தால், நம் பெண் சந்திரகலா வாங்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அதிலே ஒரு விளையாட்டு. விளையாட்டு என்று பேர்தான். பாட்டில்லை, சண்டையில்லை, கலர்கூட இல்லை. ஒரு கிடங்கு, சில பெட்டிகள், தள்ளுவதற்கு ஓர் ஆள். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. புள்ளி வைத்த இடங்களில் எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு கிடங்கு முடிந்தால் அடுத்த கிடங்கு. அவ்வளவுதான். இதற்காகவா ஒரு மனிதர் பெண் பார்க்க வந்த வீட்டில் காப்பியை ஆறவிடுவார்?

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டை மாற்றியாக வேண்டும். உங்கள் தங்கை தனலெட்சுமி வெற்றிலைத் தட்டோடு அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். "சம்பந்தி, நேரம் ஆவுதுங்க" என்கிறேன். "ஒரு நிமிஷம் லா, இந்தப் பெட்டி மட்டும்தான்" என்கிறார். அந்தப் பெட்டி மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. தலைகுனிந்து நிற்க வேண்டிய நம் பெண் என்ன சொன்னாள் தெரியுமா? "மூலைக்குப் போனா அவ்ளோதான் அங்கிள். யோசிக்காம தள்ளிட்டீங்க. முதல்லேருந்து பண்ணுங்க." வருங்கால மாமனாரிடம் பேசுகிற பேச்சா இது! அவரோ மறுபேச்சில்லாமல் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார், மாப்பிள்ளையும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்பா, மேல உள்ளத முதல்ல" என்கிறார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பதறிப்போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

அந்த மனிதர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீடே வாசலுக்கு வந்துவிட்டது. "ஐயோ, இன்னும் ஒரே பெட்டிதான் இருந்துச்சு, ஒரே பெட்டி!" கேசரியைத் தொடவில்லை, தட்டை வாங்கவில்லை, என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பெண் என்னோடு பேசுவதில்லை. வாசுவை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது, மச்சான். அதுதான் என்னைக் கொல்கிறது. தயவுசெய்து நீங்கள் பூச்சோங்குக்குப் போய் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். அந்தச் சனியனை இன்றைக்கே வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறேன் என்றும் சொல்லுங்கள்.

பத்துமலை முருகன் உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும், நேரமிருந்தால் எங்களையும்.

இப்படிக்கு,
நிலைகுலைந்த கன்னையா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இராமலிங்கமே போன் செய்தார். என்னைக் கூப்பிடவில்லை, பெண்ணைக் கூப்பிட்டு அந்தக் கடைசிப் பெட்டிக்கு வழி கேட்டார். கேட்டுவிட்டு என்னிடம், "இந்தப் பிள்ளதான் என் மருமக. ஆவணியிலே கல்யாணம். சீரு ஒண்ணும் வேணாம், கம்ப்யூட்டர் மட்டும் கூட வரட்டும்" என்றார். ஆகவே மன்னிப்பு வேண்டாம். நீங்கள் வேறொன்று கேட்க வேண்டும். அப்படி என்னதான் இருக்கிறது என்று போனை வைத்ததும் நானும் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் அவசரப்படுத்துவதில்லை, மச்சான். தப்பானால் முழுக்க நம் தப்புதான், வேறு யார் தலையிலும் போட முடியாது. கல்யாணத்தைத் தைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று பக்குவமாகக் கேளுங்கள். நான் இன்னும் இரண்டாவது கிடங்கிலேயே நிற்கிறேன்.