அட்லாண்டா எந்தப் பக்கம்?

சின்சினாட்டி, மேற்குப்பக்கம்
1993 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு

பெருமதிப்புக்குரிய ஆம்ப்ரோஸ் மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை மார்லீனைக் கட்டிய வென்டல் ஓவர்பெக் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், மார்லீன், ட்ரூடி, நாய் நால்வரும் உடம்பளவில் சுகம். மனசளவில் நாய் மட்டும் சுகம். அங்கே உங்கள் முதுகுவலியும் வெர்னா அக்காவின் ரோஜாச் செடிகளும் தேறிக்கொண்டு வரும் என்று நம்புகிறேன். ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்துகொண்டு தபாலில் கடிதமா என்று கேட்பீர்கள். நேரில்தான் வந்தேன், மச்சான். வியாழக்கிழமை வந்து மணியை அடித்தேன். திரைச்சீலை அசைந்தது, கதவு அசையவில்லை. கோடைக்குக் கோடை உங்கள் கார் பாட்டரி செத்துப்போகும்போதெல்லாம் கேபிளோடு ஓடி வந்து கிளப்பிவிடுகிற மனுஷனுக்கு அந்தக் கதவு திறந்திருக்கலாம். திறக்காததும் நியாயம்தான். நான் பேசின பேச்சு அப்படி.

விஷயத்துக்கு வருகிறேன். கொலம்பஸில் நடக்கப்போகிற மாநில பூகோளப் போட்டிக்கு நம் பங்குப் பள்ளியிலிருந்து ரெண்டு பிள்ளைகள் போகலாம். ஜெயித்த பையன் டென்னிஸ் ஸ்டால்காம்ப் போவது உறுதி. இன்னொரு பிள்ளை யார் என்று பூகோள வாத்தியாரான நீங்கள்தான் வருகிற புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும். ட்ரூடியைத் தள்ளிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது. என்னுடையது என்றுகூட முழுசாகச் சொல்ல முடியாது, அதில் பேஸ்பால் நேஷனல் லீக்குக்கும் பங்கு உண்டு. அதை விளக்க அனுமதி கொடுங்கள்.

நான் பதினோராம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு சோப்புத் தொழிற்சாலைக் கொதிகலனைத் திறந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தியானாபோலிஸைத் தாண்டி எங்கேயும் போனதில்லை, அதுவும் வழி தவறித்தான் போனேன். எனக்குத் தெரிந்த பூகோளமெல்லாம் 1969-ல் லீகை ரெண்டாகப் பிரித்தார்களே, அன்றைக்குப் படித்தது. கிழக்குப் பிரிவு, மேற்குப் பிரிவு. நியாயமாகப் பார்த்தால் சிகாகோவும் செயின்ட் லூயிஸும் மேற்கே போயிருக்க வேண்டும். நியூயார்க்காரன் கூட ஆடினால்தான் கூட்டம் வரும் என்று அவர்கள் கிழக்கை விட்டு நகர மாட்டேன் என்றார்கள். கல்யாணப் பந்தியில் சொந்தக்காரன் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் இலை கிடைத்த இடத்தில் உட்காருகிறவன் யார், நம்மைப்போல வாயில்லாதவன்தானே? நம்மையும் அட்லாண்டாவையும் பிடித்து லாஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ, சான் டியாகோ, ஹூஸ்டன் வரிசையில் உட்கார்த்தி வைத்து, நீங்கள் மேற்கு என்றார்கள். நாமும் சரி என்றோம். நம் ஆட்கள் ஓஹாயோ ஆற்றங்கரையில் சாப்பிட்டுவிட்டு பசிபிக் கரைக்குப் போய் ஆடினார்கள், நாம் ரேடியோவைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனோம். யார் ஜெயித்தது என்பது காலையில் பன்றிக்கறிக் கெட்டா வறுக்கும்போதுதான் தெரியும். இவ்வளவு கஷ்டப்பட்ட பிறகு நாம் மேற்கு இல்லை என்று ஒருத்தர் சொன்னால் நம்ப மனசு வருமா?

எழுபதுகளில் அந்தப் பிரிவையே நம் அணி குத்தகைக்கு எடுத்திருந்தது. நாம் விட்ட வருஷம் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிஸ்காரன் எடுத்துக்கொள்வான். பிறகு வந்தது 1981. அதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம், அந்தக் காயம் உங்கள் நெஞ்சில் இருக்கிறது. நடுவில் வேலைநிறுத்தம், ஆண்டை ரெண்டு பாதியாக வெட்டினார்கள், ஒவ்வொரு பாதியிலும் முதலில் வந்தவனுக்குத்தான் இறுதிச் சுற்றில் இடம் என்றார்கள். முழு ஆண்டுக் கணக்கைக் கூட்டினால் நாட்டிலேயே நம் அணிதான் முதல். ஆனால் ரெண்டு பாதியிலும் ரெண்டாவது. வீட்டுக்குப் போ என்றுவிட்டார்கள். அன்றைக்கு நீங்கள், "கூட்டல் தெரியாதவங்க நடத்துற ஆட்டம். இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்று ரேடியோவை அணைத்தீர்கள். அதற்கப்புறம் நாம் கடைசி இடத்துக்கு விழுந்த வருஷமும், முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை இறங்காமல் உச்சியிலேயே நின்ற 1990-ம் உங்களைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் யாராவது ஸ்கோர் சொன்னால் நீங்கள் மழை வருமா என்று பார்க்க வெளியே போவீர்கள். உங்கள் மனவுறுதியைப் பார்த்து நான் வெட்கப்பட்டிருக்கிறேன். நானோ போன வருஷம் ரெண்டாவது, இந்த வருஷம் அஞ்சாவது என்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு இருக்கிற ஆள்.

ட்ரூடி பிறந்தது 1980-ல், ஹூஸ்டன் அணி முதன்முதலாக முதலிடத்துக்கு வந்த வருஷம். அவள் நடக்கப் பழகியது எங்கள் பிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கதவில்தான் நான் அணிகளின் காந்த வில்லைகளை ஒட்டிவைத்து, தினமும் ஏற்றி இறக்குவேன். இடது பக்கம் மேற்குப் பிரிவு, வலது பக்கம் கிழக்குப் பிரிவு. குழந்தை முதன்முதலில் பார்த்த வரைபடம் அதுதான், மச்சான். இடது கையில் அட்லாண்டா, வலது கையில் செயின்ட் லூயிஸ், பாலுக்குப் பக்கத்தில் சிகாகோ. இதில் பழி சொன்னால் பிரிட்ஜையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, பள்ளிப் போட்டி நடந்த அந்த வெள்ளிக்கிழமை. பங்குக் கூடம் நிரம்பி வழிந்தது. க்ளீட்டஸ் சாமியார் முன்வரிசையில், நான் அவருக்குப் பக்கத்தில், புதுச் சட்டையில். கடைசியில் ட்ரூடியும் ஸ்டால்காம்ப் பையனும் மட்டும் மிஞ்சினார்கள். நீங்கள் கேட்டீர்கள்: "செயின்ட் லூயிஸ், அட்லாண்டா. ரெண்டுல எது இன்னும் மேற்கே இருக்கு?" என் பெண் மூச்சுகூட விடவில்லை. "அட்லாண்டா!" என்றாள். கூடமே கைதட்டியது. நான் எழுந்து நின்று தட்டினேன். சாமியார்கூட "சபாஷ்" என்றார். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள், திரும்பி வரைபடத்தைப் பார்த்தீர்கள், திரும்பவும் துடைத்தீர்கள். மருமகள் மேல் உள்ள பாசத்தில் தயங்குகிறீர்கள் என்று இப்போது புரிகிறது. அப்புறம்தான், "தப்பு" என்றீர்கள்.

நான் அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும். "எது தப்பு? இருபத்தஞ்சு வருஷமா மேற்குல இருக்கிற ஊரு!" என்றேன்.

"மாப்ளே, உட்காருங்க. இது பூகோளம்" என்றீர்கள்.

பின்னாலிருந்து கசாப்புக்கடை அர்பன் எழுந்து, "பூகோளமோ என்னமோ, வாத்தியாரே, அடுத்த ஏப்ரல் வரைக்கும் அட்லாண்டா மேற்குதான். அதுக்கப்புறம்தான் கிழக்கே போகுது. பேப்பர்ல போட்டிருக்கான்" என்றார்.

"செயின்ட் லூயிஸும் நகருது. நடுவுக்கு வருது, நம்ம கூட" என்று யாரோ ஒருத்தி.

"அமைதி, அமைதி. ஆனா அர்பன் சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்கு" என்றார் சாமியார்.

நீங்கள் பிரம்பால் வரைபடத்தைத் தட்டினீர்கள். "இது மிசிசிப்பி ஆறு. இங்க செயின்ட் லூயிஸ். அட்லாண்டா இதோ, நமக்கு நேர் தெற்கே. ஊரு நகராது, ஐயா!"

"நமக்கு நேர் கீழேன்னா, அப்போ நாம?" என்றேன்.

"நாமளும் மேற்கு இல்ல, மாப்ளே."

"மேற்குப்பக்கத்துல பொறந்து, மேற்குப்பக்கத்துல பொண்ணு எடுத்துட்டு, இந்தாளு என்ன பேச்சு பேசறார்!" என்று அர்பனின் மனைவி சொன்னது எனக்கே கேட்டது. அந்தத் தைரியத்தில்தான் நான் அதைச் சொன்னேன். "எண்பத்தொண்ணுல ரேடியோவை அணைச்ச அன்னிக்கே உங்களுக்கு ஊர் உலகம் தெரியாமப் போச்சு, மச்சான்!" கூடம் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. ட்ரூடி மேடையில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்டால்காம்ப் பையன் செயின்ட் லூயிஸ் என்று சொல்லி ஜெயித்தான். அவன் குடும்பம் பேஸ்பால் பார்க்காத குடும்பம், அது அவன் அதிர்ஷ்டம்.

வீட்டுக்கு வந்ததும் ட்ரூடி நேராகப் பிரிட்ஜுக்குப் போனாள், அட்லாண்டாவைப் பிய்த்து வலது பக்கம் ஒட்டினாள், செயின்ட் லூயிஸையும் சிகாகோவையும் இழுத்து இடது பக்கம் ஒட்டினாள், நம் அணியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் வெண்ணெய்த் தட்டுக்குள் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சேதியெல்லாம் மார்லீன் வழியாகத்தான்.

"அம்மா, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு அவரை."

"ட்ரூடி, அப்பா என்ன வேணும்னேவா தப்பாச் சொல்லிக்குடுத்தேன்?"

"அம்மா, டென்வர் எங்க இருக்குன்னு யாரையும் கேட்காம நானே பார்த்துக்கிட்டேன்னு அவர்கிட்ட சொல்லு. அது நெஜமாவே மேற்குலதான் இருக்கு. அதையாவது நினைச்சு அவர் சந்தோஷப்படட்டும்."

சந்தோஷப்பட்டேன். இந்த வருஷம் புதுசாகச் சேர்ந்த டென்வரோடு பிரிவில் ஏழு ஊர். அட்லாஸை எடுத்துச் சரிபார்த்தேன். ஏழில் அஞ்சு உண்மையிலேயே மேற்கே இருக்கிறது. நாமும் அட்லாண்டாவும் மட்டும்தான் ஃபெயில். பள்ளிக்கூடத்தில் நான் இவ்வளவு மார்க் வாங்கியதே கிடையாது.

ஆனால் என் பெண் என்னைப்போல இல்லை, மச்சான். இங்கே சாப்பாட்டு நேரம் என்றால் லாஸ் ஏஞ்சலிஸில் என்ன நேரம் என்று கடிகாரம் பார்க்காமல் சொல்லுவாள். சான் பிரான்சிஸ்கோவில் கோடையிலும் ஏன் குளிருகிறது, டென்வரில் அடித்த பந்து ஏன் இன்னும் தூரம் போகிறது என்று மலைக்காற்று, கடல்காற்று எல்லாம் எனக்கு விளக்கியவள் அவள்தான். நான் கொடுத்தது ஊர்ப் பெயர்கள், மீதியை அவளே தேடிக்கொண்டாள். ஒரு பதிலில் தவறினாள். அந்தப் பதிலும் அவள் அப்பன் கொடுத்தது. மேற்குப் பிரிவில் முதல் வருஷப் பட்டத்தை வாங்கிய ஊர் எது? அட்லாண்டா. கிழக்கே போவதற்கு முன்னால் இந்த வருஷப் பட்டத்தை வாங்கிய ஊர் எது? அதுவும் அட்லாண்டா. குழந்தை வேறென்ன சொல்லும்?

இன்னும் ஒன்று. இந்த மாதம் சான் பிரான்சிஸ்கோவுக்கு நடந்ததை நீங்கள் பேப்பரில் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன். நூற்று மூன்று ஆட்டம் ஜெயித்தார்கள். அட்லாண்டா நூற்று நாலு ஜெயித்தது. கடைசி நாளில் ஒரே ஒரு ஆட்டக் குறைச்சலில் வீட்டுக்குப் போனார்கள். இது அநியாயம் என்று லீகுக்கே இப்போது உறைத்துவிட்டது. அடுத்த வருஷத்திலிருந்து மூன்று பிரிவு, நாம் நடுப்பிரிவில். முதலில் அட்லாண்டாவையும் நம்மோடுதான் போட்டார்களாம், அது கிழக்குதான் வேண்டும் என்றது, பிட்ஸ்பர்க் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு நம்மிடம் வருகிறது. அதைவிடப் பெரிய செய்தி, ரெண்டாவதாக வந்தவர்களில் நன்றாக ஆடிய ஒருத்தரையும் இனிமேல் இறுதிச் சுற்றில் சேர்த்துக்கொள்வார்களாம். கூட்டல் தெரியாதவர்கள் என்று நீங்கள் சொன்னவர்களே இவ்வளவு இறங்கி வந்துவிட்டார்கள், மச்சான். கூட்டல், கழித்தல், அட்சரேகை எல்லாம் தெரிந்த நீங்கள் ரெண்டாவதாக வந்த ஒரு பெண்ணுக்கு இறங்கி வரக்கூடாதா?

கூடத்தில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். முழு மன்னிப்பு, ஒரு குறையும் வைக்காமல். வேண்டுமென்றால் அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு அர்பன், அர்பனின் மனைவி, சாமியார் எல்லோர் முன்னாலும் நின்று, நாம் மேற்கு இல்லை என்று உரக்கச் சொல்கிறேன். அதற்கப்புறம் எனக்கு இறைச்சி விற்பார்களா என்பது வேறு விஷயம்.

வெர்னா அக்காவுக்கு என் வணக்கம். காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிற அந்தோணியார் உங்கள் முதுகுக்குத் தெம்பையும் என் மூஞ்சிக்குப் பழைய மரியாதையையும் தேடித் தரட்டும்.

என்றும் தங்களுக்குக் கீழ்ப்படிந்த தங்கை புருஷன்,
வென்டல்

பி.கு.: தபால்தலை ஒட்டிய பிறகு எழுதுகிறேன், உறையைப் பிரித்துத்தான். இப்போதுதான் மார்லீன் வெர்னா அக்காவோடு போனில் பேசி முடித்தாள். ட்ரூடியின் பெயரைப் போட்டிக்கு மறுநாளே நீங்கள் கொடுத்துவிட்டீர்களாம். நான் இவ்வளவு நீளமாகக் கெஞ்சியது வீண். "அப்புறம் ஏன் அண்ணி அண்ணன் கதவைத் திறக்கல? கோபமா?" என்று மார்லீன் கேட்டிருக்கிறாள். "கோபமாவது! வெட்கம்டீ. பொண்ணு அட்லாண்டான்னு சொன்னதும் உங்கண்ணன் சரின்னு சொல்ல வாயைத் திறந்துட்டாராம். திரும்பி வரைபடத்தைப் பார்த்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சாம். அதுக்குத்தான் அந்தத் துடை துடைச்சாரு கண்ணாடியை" என்றாராம் அக்கா. கூடவே, ரேடியோவை நீங்கள் அணைத்தது வீட்டில் மட்டும்தானாம். பன்னிரண்டு கோடையாக நீங்கள் கொட்டகையில் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆட்டம் கேட்கிறீர்களாம்.

உங்கள் பாட்டரி ஏன் சாகிறது என்று இப்போது புரிகிறது, மச்சான். மேலே கேட்ட மன்னிப்பில் பாதியைத் திருப்பி அனுப்பவும்.

ட்ரூடி இதையெல்லாம் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து, வெண்ணெய்த் தட்டிலிருந்து நம் வில்லையை எடுத்துக் கழுவி, பிரிட்ஜின் நட்டநடுவில் ஒட்டினாள். பிறகு, மார்லீன் வழியாக இல்லாமல் நேராகவே, "அப்பா, கொலம்பஸுக்கு நீங்களும் மாமாவும் ரெண்டு பேருமே வரக்கூடாது" என்றாள்.