வலி தெரியும், ஆள் தெரியாது

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் யாருக்கோ எங்கேயோ வலிக்கிறது என்றால், அது டாக்டருக்கு முன்னால் தெரிந்துவிடுகிற ஒரே மனிதர், ‘கிளிக்கு’ என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவர். அந்த ‘யாரோ’ யார் என்று மட்டும் அவருக்குத் தெரியாது. வலி தெரியும், ஆள் தெரியாது. அந்தத் தொழிலை அவர் இரண்டு வருஷம் செய்தார். என் கண் முன்னாலேயே, என் கரன்ட்டிலேயே செய்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்கு ஒரு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, பட்டா மனு, ஜெராக்ஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் உண்டு. ஒருநாள் மானாம்பதியிலிருந்து கிளிக்கு வந்தார். நாற்பது வயசு இருக்கும். ஒரு தொழிற்சாலையில் உதிரி பாகங்களுக்குத் தரம் பார்க்கிற வேலை செய்தவர். கான்ட்ராக்ட் முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் பழைய லேப்டாப்.

“மேடம், ஒரு மூலைல ஒக்காந்துக்கறேன். வாடக குடுத்துட்றேன். சத்தமே வராது.”

சத்தம் வரவில்லை என்பது உண்மை. ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம், “மேடம்! ஒரு கிளிக்கு வந்துகீது!” என்று பெட்ரோமாக்ஸ் வெடித்த மாதிரி ஒரு கூவல் வரும். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் பயந்து ஆதார் அட்டையைக் கீழே போட்டிருக்கிறார்கள். பெயர் அப்படித்தான் வந்தது. அவருடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பமாட்டார்.

தொழில் இதுதான். எவனோ எங்கேயோ ஒரு பொருள் விற்கிறான். அதைப் புகழ்ந்து கிளிக்கு இணையத்தில் ஒரு பக்கம் எழுதுவார். படித்தவர்கள் அதிலிருக்கும் லிங்க்கைத் தொட்டுப் பொருளை வாங்கினால் இவருக்குக் கமிஷன். படிக்க ஆள் வர வேண்டுமே? அதற்கு விளம்பரம் கொடுப்பார். விளம்பரத்தை ஒருத்தர் தொட்டால், ‘கிளிக்கு’ என்கிற அந்தத் தொடுகைக்கு விளம்பரக் கம்பெனிக்கு இவர் காசு கட்ட வேண்டும். தொட்டவர் வாங்கினாலும் சரி, கொட்டாவி விட்டுவிட்டுப் போனாலும் சரி.

முதல் ஆறு மாதம் உத்திரமேரூர் ஜனங்கள் கொட்டாவிதான் விட்டார்கள்.

அப்புறம்தான் கிளிக்குவுக்கு அந்த ரிப்போர்ட் கண்ணில் பட்டது. விளம்பரத்தைத் தொடுவதற்கு முன்னால் ஜனங்கள் போனில் என்னென்ன வார்த்தை அடித்துத் தேடினார்கள் என்று விளம்பரக் கம்பெனியே பட்டியல் தருமாம். அதை என் பிரிண்டரில் தினமும் அச்செடுத்து, சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு படிப்பார்.

“பாருங்க மேடம். நான் ‘மூட்டு வலி நிவாரண பெல்ட்’டுன்னு எய்தி வெச்சிகினு கீறேன். ஜனங்க அப்படியா தேடுது? ‘மாடி ஏற முடில’ன்னு தேடுது. எவனும் பெல்ட்டத் தேடல மேடம், மாடியத் தேடறான்!”

அன்றைக்கே பக்கத்தின் தலைப்பை ‘மாடி ஏற முடியலையா?’ என்று மாற்றினார். ‘இலவசம்’ என்று தேடுகிறவர்களுக்கும் ‘படம்’ என்று தேடுகிறவர்களுக்கும் விளம்பரமே காட்டாதே என்று தடை போட்டார். ஊரைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் மட்டும் காட்டச் சொன்னார். முட்டி பெல்ட்டு போக ஆரம்பித்தது. தொடுகிறவர்கள் குறைந்தார்கள், வாங்குகிறவர்கள் அதிகமானார்கள்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ரிப்போர்ட்டின் ருசி கண்டவர், ஊரையே ரிப்போர்ட் எடுக்க ஆரம்பித்தார். எதிர்க்கடை கனகா அக்காவின் இட்லிக் கடைக்கு இரண்டு போர்டு எழுதினார். ஒன்றில் ‘இட்லி ரெடி’, இன்னொன்றில் ‘சட்னி மூணு வகை’. ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி மாட்டிவிட்டு, வாசலில் நின்று வருகிறவர்களை எண்ணினார். நான்காம் நாள் கனகா அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள்.

“யோவ் கிளிக்கு! நாஷ்டா துன்ன வர்றவன எல்லாம் எண்ணிகினு நிக்கிற. ஜனங்க நீ போலீஸுன்னு நெனச்சிகினு திரும்பிப் போவுது. பேஜார் புடிச்சவனே, போ அப்பால!”

“அக்கா, ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். மூணு சட்னி போர்டுக்குத்தான் கூட்டம்.”

“என்கிட்ட கீறதே ரெண்டு சட்னிதான்யா!”

என்னாலும் அவருக்கு ஒரு நஷ்டம் உண்டு. ஐப்பசியில் மழைக்கோட்டு விற்கப் புறப்பட்டார். எந்தெந்த வார்த்தைக்கு விளம்பரம் காட்ட வேண்டும் என்று கையால் எழுதிய பட்டியலை, டைப் பண்ணச் சொல்லி என்னிடம் தந்தார். பார்த்தால் ‘மய கோட்டு’, ‘மயக்கோட்’, ‘மள கோட்டு’ என்று ஒரு பக்கம் முழுக்கக் கொலை. இருபது வருஷம் பத்திரிகை அடித்த கை சும்மா இருக்குமா? அத்தனையையும் ‘மழைக்கோட்டு’ என்று திருத்திக் கொடுத்தேன். ஏரி நிரம்புகிற அளவுக்கு மழை பெய்தது. ஒரு கோட்டும் போகவில்லை. எட்டாம் நாள்தான் கிளிக்கு பட்டியலைத் திறந்து பார்த்தார்.

“மேடம்... ஜனங்க அப்டித்தான் அடிச்சித் தேடுது. நீங்க தப்பத் திருத்தல. தேடி வந்தவனத் திருத்தி ஊட்டுக்கு அனுப்பிட்டீங்க.”

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவருடைய அப்பா இறந்தபோது அஞ்சலி போஸ்டர் என் கடையில்தான் அச்சானது. கிளிக்கு இரண்டு விதம் கேட்டார். ஒன்றில் பெரிய படம், இன்னொன்றில் பெரிய எழுத்தில் பெயர் மட்டும். இரண்டு எதற்கு என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நினைத்தபடியே ஆயிற்று. மாலையோடு வந்தவர்களை எல்லாம் வாசலில் நிறுத்தி, “எந்த போஸ்டரப் பாத்துட்டு வந்தீங்க? எந்தச் செவுத்துல?” என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டு நின்றார். அவருடைய தாய்மாமன் எல்லார் முன்னாலும் அறைந்தார். அறை வாங்கிய கன்னத்தோடு அடுத்தவரிடம் போய்க் கேட்டார்.

பதினாறாம் நாள் முடிந்து கடைக்கு வந்தவர், தானாகவே சொன்னார்.

“பால் சொசைட்டி செவுத்துல ஒட்னதப் பாத்துட்டுத்தான் மேடம் நெறைய பேரு வந்துகிறாங்க. நைனா பால் ஊத்தப் போனா திரும்பி வர ஒரு மணி நேரம் ஆவும். எங்க போய்த் தொலஞ்சாருன்னு எங்கம்மா தெனம் திட்டுவாங்க. அங்க அவருக்கு அவ்ளோ சிநேகிதம் இருந்துகீது. எனக்கே இப்பத்தான் தெரியுது.”

நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

அதற்குப் பிறகுதான் பொடி வந்தது. சர்க்கரைப் புண்ணை ஆற்றுகிற மூலிகைப் பொடி என்று வெளியூர்க் கம்பெனி ஒன்று. மற்ற எதற்கும் இல்லாத கமிஷன். கிளிக்கு தன் வித்தை எல்லாவற்றையும் அதில் இறக்கினார். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து ஜனங்களின் வார்த்தையையே பக்கத்தில் வைத்தார். பொடி பறந்தது. தையல் தைத்துக் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி மல்லிகா, கடைக்கு வந்து எனக்கு லட்டு கொடுத்தாள்.

“எங்க வூட்டுக்காரு இன்னா வேல செய்றாருன்னு மொத தடவயா எங்கம்மாகிட்ட வாயத் தொறந்து சொன்னேங்க்கா.”

அந்த லட்டு தீருவதற்குள் கிளிக்குவின் கூவல் நின்றுபோனது. ரிப்போர்ட்டை அச்செடுப்பார், படிப்பார், மடித்து வைப்பார். ஒருநாள் மூன்று தாள்களை என் மேஜைமேல் பரப்பினார். ஒவ்வொன்றிலும் ஒரு வரியைச் சிவப்பில் சுழித்திருந்தார்.

திங்கள்: ‘கால் வெரலு கருப்பா கீது.’

புதன்: ‘கருப்பு பாதத்துக்கு ஏறுது இன்னா பண்றது.’

வெள்ளி: ‘கால் எடுக்காம சரி பண்ண.’

“மூணுமே ஒரே ஆளுன்னு எப்படிச் சொல்றீங்க?”

“சொல்ல முடியாது மேடம். யாருன்னு ரிப்போர்ட் காட்டாது. ஆனா நம்ம வட்டத்துக்குள்ளதான் கீது. மூணு தடவயும் என் வெளம்பரத்தத்தான் தொட்டுகீது.” வெள்ளிக்கிழமைத் தாளை மட்டும் தனியே எடுத்தார். “ரிப்போர்ட்ல இது நல்ல வார்த்த மேடம். இப்டித் தேடறவங்க கண்டிப்பா வாங்கறாங்க.”

அந்த ஆளைத் தேடக் கிளம்பினார். முதலில் மருந்துக் கடைகள். “காலுக்குக் கட்டுத் துணி நெறைய வாங்கறது யாருங்க?” என்று இவர் நோட்டும் பேனாவுமாகக் கேட்க, ஒரு கடைக்காரர் ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று நினைத்து, இரண்டு அட்டைப் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு டீ வரவழைத்துக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறி, குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு பெண் கத்தினாள்: “கண்டக்டரே! இந்தாளு ஏறுனதுலேர்ந்து காலயே பாத்துகினு வரான்!” நடு ரோட்டில் இறக்கிவிட்டார்கள். வெயிலில் நான்கு கிலோமீட்டர் நடந்து கடைக்கு வந்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதை ரொம்பத் தாமதமாகக் கவனித்தேன்.

மறுநாள் பொடி விளம்பரத்தை நிறுத்தினார். நிறுத்திவிட்டு, அதே வார்த்தைகளுக்கு வேறு விளம்பரம் போட்டார். ‘விரல் கருப்பா’ என்று யார் தேடினாலும் இப்போது ஒரு புதுப் பக்கத்துக்கு வருவார்கள். அதில் விற்க ஒன்றும் இல்லை. நான்தான் டைப் செய்தேன். ‘பொடி போடாதீங்க. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நடக்காதீங்க, வண்டில போங்க. போக ஆள் இல்லன்னா எனக்கு போன் பண்ணுங்க.’ கீழே அவர் நம்பர். இந்தத் தடவை நான் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

அந்தப் பக்கத்துக்கு வருகிற ஒவ்வொரு தொடுகைக்கும் கிளிக்கு கையிலிருந்து கட்டினார். பொடிக் கம்பெனி இரண்டே நாளில் அவரை நீக்கியது. மல்லிகா கடைக்கு வந்தாள். என்னிடம் பேசவில்லை. நேராக அவரிடம் போனாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்றதுக்கு நீ இன்னாத்துக்குக் காசு கட்ற? உனக்கு இன்னா ஆச்சு?”

“அவங்கள அந்தப் பொடிக்கு நான்தான மல்லிகா கூட்டிகினு போனேன்.”

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஆறாம் நாள் காலை கிளிக்குவுக்கு போன் வந்தது. எஸ்தர் என்று ஒரு பெண், பக்கத்துக் கிராமம். கழனி வேலைக்குப் போகிற புருஷனுக்குச் சர்க்கரை; காலில் முள் குத்தி, புண்ணாகி, விரல் கறுத்துவிட்டது. “நீங்கதான் டாக்டருங்களா?” என்று கேட்டிருக்கிறாள். “இல்லம்மா, நான் வெளம்பரம் குடுக்கறவன்” என்று சொல்லிவிட்டு, “பொம்பள தனியா கீது மேடம், நீங்களும் வாங்க” என்றார். கடையைச் சாத்திவிட்டுத் தெரிந்தவர் வேனில் போனோம். அந்தப் பாதம் இருந்த நிலையை நான் விவரிக்கப் போவதில்லை. செங்கல்பட்டு போகும்வரை வேனின் கண்ணாடிகளைத் திறந்தே வைத்திருந்தோம்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த பிறகு, சீட்டைத் தேடி எஸ்தர் பையைத் திறந்தபோது, உள்ளே அந்தப் பொடி பாக்கெட் இருந்தது. பாதி காலி.

“இதப் போட்டுகினுதான் கீறோம்” என்றாள் எஸ்தர். “வாசன நல்லா கீது. ஆறும் ஆறும்னு பாத்தோம்.”

கிளிக்கு அந்தப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தார். “அந்த வெளம்பரம் நான் போட்டதும்மா.”

எஸ்தர் அவரையே பார்த்தாள். அடிப்பாளோ என்று நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். அவள் எக்ஸ்ரே கவரை அவர் கையில் கொடுத்தாள். “இதப் புடிங்க. நான் போயி அவருக்குத் தண்ணி வாங்கியாரேன்” என்று நடந்தாள்.

முட்டிக்குக் கீழே காலை எடுத்தார்கள். ஆள் பிழைத்துவிட்டார். “பத்து நாள் முன்னாடி வந்திருந்தா விரலோட போயிருக்கும்” என்று டாக்டர் சொன்னதை, கிளிக்கு என்னிடம் மூன்று தடவை திரும்பக் கேட்டார். பத்து நாளா, எட்டு நாளா என்று சரிபார்த்தார். அந்த நாட்களில் அவருடைய பொடி விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மூன்று வரியும் எஸ்தர் அடித்ததுதானா? அவர் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நானும் சொல்லவில்லை. மறுநாளும் யாரோ ‘வெரலு கருப்பு’ என்று தேடியிருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் விளம்பரக் கம்பெனி அவர் கணக்கையே முடக்கியது. மருத்துவ விஷயத்தில் ஆதாரமில்லாத தகவல் என்று காரணம் வந்தது. பொடியை விற்றபோது வராத காரணம், ஆஸ்பத்திரிக்குப் போ என்றபோது வந்தது. மனு மேல் மனு எழுதினார். நான் டைப் செய்தேன். பதில் இல்லை. இப்போது அதே வார்த்தைக்கு வேறு யாரோ பொடி விளம்பரம் கொடுக்கிறார்கள். நானே தேடிப் பார்த்தேன். எழுத்துப் பிழை உள்பட அப்படியே இருக்கிறது.

கிளிக்கு லேப்டாப்பை விற்றுவிட்டு ஒருநாள் சொல்லாமல் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

போன ஆவணியில் செங்கல்பட்டில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் காக்கிச் சட்டையில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“இந்த வேல எப்படி இருக்கு?” என்றேன்.

“நல்லாகீது மேடம். வர்றவங்க பொண்ணு வூடா மாப்ள வூடான்னு மட்டும் தெரிஞ்சா போதும். வேற எதுவும் தெரிய வேணாம்.”

மல்லிகா சுகமா என்றேன், சுகம் என்றார். உள்ளே மேளம் முடிந்து கூட்டம் கலைந்தது. உத்திரமேரூர் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

“மேடம், உங்க பஸ்ஸு.”

“அடுத்ததுல போய்க்கிறேன்” என்றேன். அடுத்ததும் வந்தது. அதையும் விட்டுவிட்டேன்.